கல்லும் வெண்கலமும் ஒளியும்: சிற்பி பெர்னினியின் வாழ்வு



கிறிஸ்து பிறப்பு இரவில் வத்திக்கானிலிருந்து ஒளிபரப்பாகும் திருப்பலியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். திருத்தந்தை நிற்கும் பீடத்துக்கு மேலே, முறுக்கிவிட்ட கயிறுபோன்ற நான்கு பெரிய தூண்கள் தாங்கும் வெண்கல விதானம் தெரியும். காமிரா சற்று உயர்ந்தால், அதற்குப் பின்னால் பொன்கதிர்களுக்கு நடுவே ஒரு புறா தெரியும். வெளியே சதுக்கத்தைக் காட்டும்போது, வருகிறவர்களை அணைத்துக்கொள்ள இரு கைகளை விரித்ததுபோல் வளைந்து நிற்கும் தூண் வரிசையைக் காண்போம். இம்மூன்றையும் உருவாக்கியவர் ஒருவரே. ஜான் லொரென்சோ பெர்னினி என்ற அந்த மனிதரின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் புனிதர் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1598ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை பியெத்ரோ பெர்னினி பிளாரன்ஸ் பகுதியைச் சேர்ந்த சிற்பி. தாய் ஆஞ்செலிக்கா நேப்பிள்ஸ்காரர். சிறுவனுக்கு ஏழெட்டு வயதாகும்போது, உரோமையில் புனித மேரி மேஜர் பெருங்கோவிலில் திருத்தந்தை 5ஆம் பவுல் கட்டிய சிற்றாலயத்தில் தந்தைக்கு வேலை கிடைத்தது. குடும்பம் உரோமைக்குக் குடிபெயர்ந்து, அந்தப் பெருங்கோவிலுக்கு அருகிலேயே தங்கியது. பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி ஏதுமில்லை. தந்தையின் பட்டறையும், வத்திக்கானில் இருந்த பழைய கிரேக்க, உரோமைச் சிலைகளுமே அவருக்குப் பாடசாலை. காலையில் போய், மாலை மணி அடிக்கும்வரை அச்சிலைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பாராம். இருபது வயதைத் தாண்டும்போதே, கர்தினால் சிப்பியோனே பொர்கேசேக்காக ஆளுயரச் சிலைகள் செதுக்கத் தொடங்கிவிட்டார். கவண் எறிய உடலை முறுக்கி உதட்டைக் கடித்து நிற்கும் தாவீது 1624இல் முடிந்தது. பளிங்கை மெழுகைப்போல் குழைக்கிறவர் என்ற பெயர் அப்போதே வந்துவிட்டது.

1623இல் கர்தினால் மாஃபேயோ பர்பெரினி, 8ஆம் உர்பான் என்ற பெயரில் திருத்தந்தையானார். பெர்னினிக்கு அப்போது வயது 24. அதுவரை கல்லைச் செதுக்கிய இளைஞரிடம், பேதுருவின் கல்லறைமேல் எழும்பிய பேராலயத்தின் நடுப்பீடத்துக்கு ஒரு விதானம் அமைக்கும் வேலையைத் திருத்தந்தை ஒப்படைத்தார். 1624இல் தொடங்கி 1633இல் திறக்கப்பட்ட அந்த விதானம் ஏறக்குறைய 29 மீட்டர் உயரம், அதாவது ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரம். திருநாள் பவனியில் நற்கருணைக்கு மேலே நான்கு பேர் பிடித்துச் செல்லும் துணிக்குடை நமக்குத் தெரியும். அதைத்தான் அவர் வெண்கலத்தில் வார்த்தார். தொங்கல்கள் காற்றில் அசைவதுபோலவே இருக்கும். தூண்களில் ஏறும் கிளைகள், இலைகள் எல்லாம் மெழுகில் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் காலி இடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றி எடுத்தவை. கீழே உற்றுப் பார்த்தால் வெண்கலப் பல்லிகளும் ஒரு செபமாலையும் தென்படும். இத்தனை பெரிய வேலைக்கு நடுவில் ஒரு செபமாலையை வைத்துவிட்டுப் போக யாருக்குத் தோன்றியதோ! பழைய பந்தேயோன் கோவில் முகப்பின் வெண்கலத்தைத் திருத்தந்தை கழற்றியதற்காக உரோமை மக்கள் கேலி பேசினார்கள். அந்த வெண்கலத்தின் பெரும்பகுதி பீரங்கி வார்க்கப் போனது என்பது, கேலியைவிடச் சங்கடமான உண்மை.

இன்று கலைக் கல்லூரிகளில், பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் சிற்பத்தைப் பற்றியும், ஓர் அறை முழுவதையுமே கலைப்படைப்பாக அமைக்கும் நிறுவல் கலையைப் பற்றியும் பேசுகிறார்கள். இவை நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் பெர்னினி 1628ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று என்ன செய்தார் என்று பாருங்கள். வத்திக்கானின் பவுல் சிற்றாலயத்தில் நாற்பது மணி நேர நற்கருணை ஆராதனை. பீடத்தைச் சுற்றி மரத்தாலும் துணியாலும் அட்டையாலும் செய்ததுபோன்ற மேகக் கூட்டம். அந்த மேகங்களுக்குப் பின்னால், யாருடைய கண்ணுக்கும் படாமல், 2,000க்கும் மேற்பட்ட விளக்குகள். உள்ளே வந்தவர்கள் ஒரு விளக்கையும் பார்க்கவில்லை, ஆனால் எங்கும் ஒளி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். இன்று அதில் ஒரு குச்சிகூட இல்லை. பங்குத் திருவிழாவுக்கு இரவெல்லாம் சீரியல் பல்பு கட்டும் நம் இளைஞர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். ஒளி தெரியவேண்டும், விளக்கு தெரியக்கூடாது என்ற இந்த எண்ணம் பெர்னினியை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

இங்கே நாம் வழக்கமாகத் தாண்டிப்போகும் ஒரு பகுதிக்கு வரவேண்டியிருக்கிறது. குருமடத்தில் படித்த காலத்தில் பெர்னினியின் படைப்புகளை நமக்குப் படமாகக் காட்டினார்கள். புனித அவிலா தெரசாவின் சிலையைக் காட்டி இறையனுபவம் பற்றி வகுப்பு நடந்தது. கொஸ்தான்சா என்ற பெயரை எவரும் சொல்லவில்லை. பிறகு மறையுரைகளில் நாமும் அப்படித்தான் செய்தோம்.

1636இல் மத்தேயோ பொனரெல்லி என்ற சிற்பி, பேதுரு பேராலய வேலையில் பெர்னினிக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அவருடைய மனைவி கொஸ்தான்சா, இருபதுகளில் இருந்த இளம்பெண். பெர்னினி அவரோடு தகாத உறவு கொண்டார். அந்நாள்களில் அவர் கொஸ்தான்சாவின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செதுக்கினார். யாரும் கேட்டு, பணம் கொடுத்துச் செய்யச் சொன்னதல்ல. தமக்காகச் செய்து, தம் வீட்டில் வைத்துக்கொண்டது. இப்போது பிளாரன்சில் பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைமுடி கலைந்து, உதடு சற்றே திறந்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோன்ற முகம். கர்தினால்களுக்கும் மன்னர்களுக்கும் அவர் செய்த சிலைகளில் ஓர் ஒப்பனை இருக்கும். இதில் அது இல்லை.

1638இல் தம் தம்பி லூயிஜியும் அதே பெண்ணிடம் போய்வருகிறார் என்று பெர்னினிக்குச் சந்தேகம் வந்தது. ஒளிந்திருந்து பார்த்து உறுதிசெய்துகொண்டார். தம்பியை இரும்புக் கம்பியால் அடித்து விலா எலும்பை முறித்தார். உருவிய வாளோடு தெருவில் துரத்தினார். தம்பி தஞ்சம் புகுந்த இடம், அவர்கள் சிறுவர்களாக வளர்ந்த அதே மேரி மேஜர் பெருங்கோவில். அதோடு நிற்கவில்லை. தம் பணியாள் ஒருவரிடம் சவரக்கத்தியைக் கொடுத்து கொஸ்தான்சாவின் வீட்டுக்கு அனுப்பினார். பணியாள் அந்தப் பெண்ணின் முகத்தைக் கீறினான். தாம் அன்போடு பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அதே முகம்.

தண்டனை எப்படிப் பகிரப்பட்டது என்பதையும் நாம் அறியவேண்டும். கத்தியெடுத்த பணியாளுக்குத் தண்டனை கிடைத்தது. லூயிஜி பொலோஞ்ஞாவுக்கு அனுப்பப்பட்டார். முகம் கீறப்பட்ட கொஸ்தான்சா, விபச்சாரக் குற்றத்துக்காகப் பெண்களை அடைத்துவைக்கும் இல்லம் ஒன்றில் சில மாதம் அடைக்கப்பட்டார். பெர்னினிக்கு 3,000 ஸ்கூதி அபராதம். அதையும் திருத்தந்தை தள்ளுபடி செய்தார். இப்படிப்பட்ட கலைஞன் திருச்சபைக்கு வேண்டும் என்பதே காரணம். பெற்ற தாயே, தம் மகன் இந்த உலகுக்குத் தானே எசமான் என்று எண்ணி நடக்கிறான் எனக் கர்தினால் ஒருவருக்கு முறையிட்டு எழுதியிருக்கிறார். மகனைப் பற்றி ஒரு தாய் அதிகாரிக்கு இப்படி எழுதுவதென்றால், வீட்டில் என்ன நிலைமை இருந்திருக்கும் என்று நமக்குப் புரிகிறது.

பேதுரு பேராலயத்தில் பணிசெய்துகொண்டிருந்த ஒருவரைக் காக்க அந்தப் பெண்ணுக்குரிய நீதி கைவிடப்பட்டது. இதை மென்மையாகச் சொல்ல நமக்கு வழி தெரியவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லலாம்தான். ஆனால் ஒரு பெண்ணின் முகத்தைக் கிழிப்பது பாவம் என்று அந்தக் காலத்துக்கும் தெரியும். பத்துக் கட்டளைகளை அவர்களும் மனப்பாடமாகத்தான் வைத்திருந்தார்கள்.

கொஸ்தான்சா என்ன ஆனார்? நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. 2012இல் சாரா மெக்ஃபீ என்ற கலை வரலாற்று ஆசிரியர் உரோமையின் பழைய ஆவணங்களைத் துருவி அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். விடுதலையான பிறகு கொஸ்தான்சா கணவரிடம் திரும்பியிருக்கிறார், கணவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இருவரும் சிற்பங்களும் ஓவியங்களும் விற்கும் தொழிலை நடத்தினார்கள். 1654இல் கணவர் இறந்த பின்னும் அவர் அந்தத் தொழிலை விடவில்லை. ஒரு மகள் இருந்தாள். 1662இல் இறந்தார். முகத்தில் தழும்போடு இருபத்துநான்கு ஆண்டுகள் அதே நகரில், பெர்னினியின் புகழ் ஒவ்வொரு தெருமுனையிலும் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்.

பெர்னினிக்குத் திருத்தந்தை திருமணம் செய்துகொள்ளும்படி அறிவுரை சொன்னார். 1639 மே மாதம் கத்தரீனா தேசியோ என்ற இளம்பெண்ணை மணந்தார். பதினொரு பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பெயரில் இப்படிப்பட்ட வழக்கு எதுவும் இல்லை.

அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. பேதுரு பேராலய முகப்பில் இரண்டு மணிக்கோபுரங்கள் எழுப்பும் வேலையை அவர் ஏற்றிருந்தார். அடித்தளம் அந்த எடையைத் தாங்கவில்லை. 1641இல் முகப்பில் வெடிப்புகள் தெரிந்தன. 1644இல் 8ஆம் உர்பான் இறந்து, 10ஆம் இன்னொசென்ட் வந்தார். பர்பெரினி குடும்பத்தின் ஆள்கள் எவரையும் புதிய திருத்தந்தைக்குப் பிடிக்காது. 1646இல் கட்டிய கோபுரத்தை இடித்துவிட உத்தரவு வந்தது. எல்லோரும் பார்க்க, கல் கல்லாக இறக்கினார்கள். அந்த அவமானத்தில் அவர் தமக்கென்று ஒரு சிலை செதுக்கத் தொடங்கினார். காலம் வந்து திரையை விலக்க, உண்மை வெளிப்படுவதாகக் கருத்து. உண்மை என்னும் பெண் கையில் கதிரவனைப் பிடித்துச் சிரிக்கிறாள். திரையை விலக்கவேண்டிய காலம் என்னும் உருவத்தை அவர் செதுக்கவே இல்லை. தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மனத்தில் வைத்துத்தான் அதைச் செய்தார். தாம் இழைத்ததை நினைத்தாரா?

அந்த இருண்ட காலத்தில்தான் அவருடைய மிக உயர்ந்த படைப்பு பிறந்தது. வெனிஸ் நகரக் கர்தினால் ஃபெதெரிக்கோ கொர்னாரோ, உரோமையில் காலணி அணியாத கார்மேல் சபையினரின் வெற்றி அன்னை ஆலயத்தில் ஒரு பக்கச் சிற்றாலயத்தை 1647இல் தம் குடும்பக் கல்லறையாக அமைக்க விரும்பினார். பாப்பரசரின் ஆதரவை இழந்து நின்ற பெர்னினியிடம் அந்த வேலை வந்தது. 1652 வரை நீண்டது. 12,000 ஸ்கூதி செலவானது.

அவிலா தெரசா 1582இல் இறந்து 1622இல்தான் புனிதராக உயர்த்தப்பட்டவர், அப்போது அவர் புதிய புனிதர். தம் வாழ்க்கை வரலாற்றின் 29ஆம் அதிகாரத்தில், வானதூதர் ஒருவர் தீ நுனியுள்ள நீண்ட பொன் அம்பைத் தம் இதயத்தில் பாய்ச்சிய காட்சியை எழுதியிருக்கிறார். வலி தாங்கமுடியாதது, ஆனால் அது நீங்கவும் மனம் விரும்பவில்லை என்கிறார். அது ஆன்ம வலியே என்றாலும் உடலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. பெர்னினி அந்த வரிகளை அப்படியே நம்பினார். பின்வந்த நூற்றாண்டுகளில் பலர் இந்தச் சிலையைப் பார்த்து முகம் சுளித்தார்கள், ஆலயத்தில் வைக்கத் தக்கதா என்று கேட்டார்கள். உடலோடு மனிதராகப் பிறந்த கடவுளை வழிபடும் நாம் அத்தனை அவசரமாக முகம் சுளிக்கவேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

அந்தச் சிற்றாலயம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் வெண்பளிங்கில் மேகத்தின்மேல் சாய்ந்த தெரசாவும், புன்னகையோடு அம்பேந்திய வானதூதரும். இரண்டும் சேர்ந்து சுமார் மூன்றரை மீட்டர் உயரம். தெரசாவின் துறவற ஆடையில் உடலின் வடிவமே தெரியாத அளவுக்கு மடிப்புகள். வெளியே தெரிவது முகம், தொங்கும் ஒரு கை, வெறும் பாதங்கள், அவ்வளவுதான். சுற்றிலும் பல நிறப் பளிங்குத் தூண்கள். தலைக்கு மேலிருந்து பொன் பூசிய உலோகக் கதிர்கள் இறங்குகின்றன. கூரையில் அப்பாத்தினி என்ற ஓவியர் தீட்டிய வானமும், சுண்ணச்சாந்தில் செய்த மேகங்களும் ஒன்றோடொன்று கலந்து, ஓவியம் எங்கே முடிந்து சிற்பம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்திருக்கிறார்கள். பீடத்தின் முன்புறத்தில் நீலக்கல் பின்னணியில் இறுதி இராவுணவுக் காட்சி பொன்வெண்கலத்தில் மின்னுகிறது. தரையில் நிறக்கற்களைப் பதித்துச் செய்த எலும்புக்கூடுகள். அவற்றுக்குக் கீழேதான் கல்லறை.

இரு பக்கச் சுவர்களிலும் உப்பரிகைபோன்ற இடங்களில் கொர்னாரோ குடும்பத்தார் எட்டுப் பேர், பளிங்கில். அவர்களில் ஃபெதெரிக்கோ ஒருவர்தான் அப்போது உயிரோடு இருந்தவர். மற்றவர்கள் முன்பே இறந்தவர்கள், வெவ்வேறு காலத்தவர்கள். உயிரோடு இருப்பவரும் இறந்தவர்களும் ஒரே பீடத்தைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன் என்று நாம் விசுவாச அறிக்கையில் சொல்வதை அவர் கல்லில் காட்டிவிட்டார். அவர்களில் சிலர் படிக்கிறார்கள், சிலர் தங்களுக்குள் பேசுகிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துப் பழகிய பங்குத்தந்தையருக்கு இது ஒன்றும் புதிதல்ல!

இத்தனைக்கும் உயிர் கொடுப்பது ஒரு சன்னல். தெரசாவுக்குப் பின்னால் சுவரை ஆலயத்துக்கு வெளியே சற்றுத் தள்ளிக் கட்டி, மேலே மஞ்சள் கண்ணாடி வைத்த ஒரு திறப்பை அமைத்தார். கீழே நிற்பவருக்கு அது தெரியாது. பொற்கதிர்களின் வழியாக ஒளி இறங்கி, தெரசாவின் முகத்தில் விழும். வெயில் ஏற ஏற அந்த முகமும் மாறும். 1628இல் நாற்பது மணி நேரத்துக்காக விளக்குகளால் செய்ததை, இங்கே என்றென்றைக்குமாகச் சூரியனைக் கொண்டு செய்தார். கட்டடம், சிற்பம், ஓவியம் மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாதபடி இணைத்த முதல் மனிதர் அவர் என்று, அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் குறித்தார்கள்.

நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. கொஸ்தான்சாவின் திறந்த உதட்டைச் செதுக்கியவர்தான், பத்தே ஆண்டுகள் கழித்துத் தெரசாவின் திறந்த உதட்டையும் செதுக்கினார். ஒரே கை. அந்தக் கையில் பிறந்த சிலைமுன் முழந்தாளிடுவது எப்படி? நாம் இதைப் பலநாள் யோசித்திருக்கிறோம். திருவருட்சாதனங்களின் பலன் குருவின் தகுதியைச் சார்ந்ததல்ல என்று திருச்சபை போதிக்கிறது. குருக்களாகிய நாம் அந்தப் போதனையால்தான் தைரியமாகப் பீடத்தருகில் போகிறோம். ஆனால் சிலை ஒரு திருவருட்சாதனம் அல்ல, அந்தப் போதனையை இங்கே கொண்டுவந்து ஒட்டவைத்தால் பொருந்தாது. மேலும், காயப்பட்டவருக்கு அது ஆறுதலும் ஆகாது.

அவருடைய பிற்கால வாழ்வைப் பார்த்தால், அவரே சும்மா இருக்கவில்லை என்று தோன்றுகிறது. நாற்பது ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் இயேசு சபையாரின் தலைமை ஆலயத்தில் நல்மரணத்துக்காகச் செபிக்கும் பக்திமுயற்சியில் கலந்துகொண்டார். அக்காலத்தில் அரிதாக இருந்தபோதும், வாரத்தில் இருமுறை நற்கருணை வாங்கினார். கிறிஸ்துநாதர் அனுசாரம் அவர் விரும்பிப் படித்த நூல். இயேசு சபைத் தலைவர் ஒலிவா அவருக்கு நெருங்கிய நண்பர். அச்சபையின் நவசந்நியாசிகளுக்காகக் குவிரினால் குன்றில் அவர் எழுப்பிய சிறிய முட்டைவடிவப் புனித அந்திரேயா ஆலயத்தில், புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்காவின் கல்லறை இருக்கிறது. வயதான பிறகு அந்த ஆலயத்தின் ஒரு மூலையில் தனியே உட்கார்ந்திருப்பாராம். தம் படைப்புகளில் தமக்கு நிறைவு தருவது இது ஒன்றே என்று மகனிடம் சொன்னதாக மகன் எழுதியிருக்கிறார்.

புகழ் மீண்டும் வந்தது. 10ஆம் இன்னொசென்டே மனம் மாறி நவோனா சதுக்கத்தில் நான்கு நதிகளின் நீரூற்றை அமைக்கச் சொன்னார். 7ஆம் அலெக்சாண்டர் காலத்தில், 284 தூண்கள் கொண்ட அந்தப் பெரிய சதுக்கம் 1656 முதல் 1667க்குள் எழும்பியது. 1665இல் பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி அழைத்து, பாரிசுக்குப் போய், மன்னரின் சிலையைச் செய்துவிட்டு, அரண்மனைத் திட்டம் நிறைவேறாமலே திரும்பினார்.

பேராலயத்தின் கோடியில் இருக்கும் பேதுருவின் தலைமைப்பீடம் 1666இல் முடிந்தது. பிப்ரவரி 22இல் நாம் கொண்டாடும் விழாவை நினைவில் கொள்ளுங்கள். 875இல் பேரரசர் வழுக்கைத் தலை சார்லஸ் திருத்தந்தைக்கு அளித்த மர நாற்காலியை, திருப்பண்டப் பேழைபோன்ற பெரிய வெண்கல இருக்கைக்குள் பெர்னினி வைத்தார். அம்புரோசியார், அகுஸ்தினார், அத்தனாசியார், கிறிசோஸ்தோம் என்னும் நான்கு மறைவல்லுநர்கள் அதன் அருகில் நிற்கிறார்கள். அவர்கள் சுமப்பதாகத் தெரியவில்லை, விரல் தொட்டாலே போதும் என்பதுபோல் அது மிதக்கிறது. மேலே தூய ஆவியின் புறா. இம்முறை சன்னலை மறைக்கவில்லை. சன்னலையே நடுவில் வைத்து, ஒளியைப் புறாவின் வழியாகவே வரவிட்டார். யூபிலி ஆண்டுக்காக 2024இல் விதானத்தையும் இந்தப் பீடத்தையும் பழுதுபார்த்தபோது, உள்ளிருந்த அந்த மர நாற்காலியை வெளியே எடுத்துச் சில வாரங்கள் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

1670இல் குடும்பத்தில் இன்னொரு பேரிடி. தம்பி லூயிஜி, வத்திக்கானில் வேலை நடந்த இடத்தில் ஒரு சிறுவன்மீது பாலியல் வன்கொடுமை செய்துவிட்டு உரோமையைவிட்டு ஓடினார். அண்ணன் தம் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தித் தம்பிக்கு மன்னிப்பு வாங்கித் தந்தார். முன்பு எட்டாம் உர்பான் இவருக்குச் செய்ததை, இப்போது இவர் தம்பிக்குச் செய்தார். ஏழைகளுக்குச் சொத்தைப் பகிர்ந்தளித்த கைம்பெண், அருளாளர் லுதோவிக்கா அல்பெர்த்தோனியின் சிலையை அவர் 1671 முதல் 1674 வரை செய்ததும் அந்தப் பரிகாரத்தின் பகுதியே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. சாகும் தறுவாயில், கையை மார்பில் அழுத்திப் படுத்திருக்கும் அந்த வெண்பளிங்குப் பெண்ணின்மேல் மறைந்த சன்னலிலிருந்து ஒளி விழுகிறது. கீழே வண்ணக்கல்லில் விரிப்பு வழிகிறது. எழுபது வயதைத் தாண்டியவரின் உளியில் பிறந்தது என்று நம்பவே முடியாது. அந்தச் சிறுவனைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றவில்லை. இன்று நம் திருச்சபை இத்தகைய காயங்களைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டிருக்கும் நாள்களில், இதைச் சொல்லாமல் லுதோவிக்காவின் அழகை மட்டும் சொல்ல நம்மால் இயலவில்லை.

7ஆம் அலெக்சாண்டரின் கல்லறையை 1678இல் முடித்தபோது அவருக்கு வயது 79. அதை அமைக்கக் கிடைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கதவு இருந்தது. வேறு யாரானாலும் இடம் போதாது என்று சலித்திருப்பார்கள். அவர் அந்தக் கதவையே சாவின் வாசலாக்கினார். சிவந்த கல்லில் செதுக்கிய கனத்த திரையைத் தூக்கிக்கொண்டு, பொன் பூசிய வெண்கல எலும்புக்கூடு ஒன்று மணற்கடிகாரத்தை நீட்டியபடி வெளிவருகிறது. அதற்கு மேலே திருத்தந்தை முழந்தாளிட்டுச் செபிக்கிறார். மரணத்தைப் பார்க்கவே இல்லை.

தம் மரணத்துக்கும் அவர் ஒரு படத்தைத் தயார்செய்து வைத்திருந்தார். சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் காயங்களிலிருந்து இரத்தம் வழிந்து, கீழே கரையற்ற கடலாகப் பரந்து கிடக்கும் காட்சி. 1670 அளவில் வரைந்து, செப்புத்தகட்டில் அச்சிட்டுப் பலருக்கும் கொடுத்தார். பெரிதாகத் தீட்டிய ஒன்றைத் தம் படுக்கைக்கு எதிரே வைத்துக்கொண்டார். தம் பாவங்கள் அந்தக் கடலில் விழுந்தால்தான் கரையும் என்பது அவருடைய ஒரே நம்பிக்கையாக இருந்தது. இறுதி நாள்களில் அவருடைய வலக்கை செயலிழந்தது. வாழ்நாளெல்லாம் உழைத்த கை முதலில் ஓய்வெடுப்பது முறைதான் என்று அவர் ஏற்றுக்கொண்டாராம். மருமகனாகிய ஒரு குரு அருகிலிருந்து செபித்தார். 1680ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் உயிர் பிரிந்தது. 82 வயது நிறைய ஒன்பது நாள்களே இருந்தன.

திருத்தந்தையருக்கு மலைபோல் கல்லறைகள் செய்தவருக்குத் தமக்கென்று ஒன்றும் இல்லை. மேரி மேஜர் பெருங்கோவிலில், நடுப்பீடத்தின் அருகே படிக்கட்டில் பதித்த ஒரு கல், குடும்பத்தின் பெயர், உயிர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற குறிப்பு, அவ்வளவே. தம்பியை வாளோடு துரத்திவந்த அதே கோவில். 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்ட பிறகு அங்கே கூட்டம் பெருகிவிட்டது. போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கல்லைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

நவம்பர் இறந்தோரின் மாதம். அதன் 28ஆம் நாள் திருப்பலியில் பெர்னினியின் பெயரைச் சொல்லிச் செபிப்பது நம் பழைய வழக்கம். சில ஆண்டுகளாக, அவருடைய பெயருக்கு முன்பு கொஸ்தான்சாவின் பெயரைச் சொல்கிறோம். அடுத்து அந்தச் சிறுவனுக்காக. மூன்றாவதாகத்தான் அவருக்காக.